சனிக்கிழமை ராத்திரி ஃபர்ம்வேர் மாற்றாதீர்கள்

வண்ணாரப்பேட்டையில் எனக்கு ஒரு செல்போன் சர்வீஸ் கடை. எட்டடிக்கு ஆறடி. பகல் முழுக்க டிஸ்பிளே, சார்ஜிங் போர்டு, தண்ணீரில் விழுந்த போன். ஷட்டரைப் பாதி இறக்கிய பிறகு அதே மேசையில், அதே மேக்னிஃபையர் விளக்குக்குக் கீழே, விமான ரேடியோ ஏறும். ரேடியோ என்றால் பாட்டுப் பெட்டி இல்லை. ரிமோட் விமானத்தை ஓட்டுகிற ட்ரான்ஸ்மிட்டரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.

போன வருஷம் ஒரு சனிக்கிழமை ராத்திரி, புது வெர்ஷன் வந்திருக்கிறதே என்று பதினோரு மணிக்கு உட்கார்ந்து எட்ஜ்டிஎக்ஸ் ஃபர்ம்வேரை, அதாவது ரேடியோவை உள்ளிருந்து இயக்கும் மென்பொருளை, மாற்றினேன். காப்பு எடுக்கவில்லை. பழைய மாடல்கள், அதாவது ஒவ்வொரு விமானத்துக்கும் ரேடியோவில் சேமித்த அமைப்புகள், கோளாறாகத் தெரிந்தன. சரி, புதிதாகவே ஒரு மாடல் போட்டுவிடலாம் என்று போட்டேன். காலையில் வீட்டுத் தரையில் விமானத்தை வைத்துச் சோதித்தேன். மோட்டார் வேகத்துக்கான த்ராட்டில் ஸ்டிக்கைத் தொடவே இல்லை. விமானத்தின் மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டர் வேலை செய்கிறதா என்று அதன் ஸ்டிக்கைப் பின்னால் இழுத்தேன். மோட்டார் கன்ட்ரோலர் பீப் பீப் என்று ஏதோ சொன்னது. ஸ்டிக்கை விட்டேன். விமானம் பாதி வேகத்தில் கிளம்பி, பீரோவில் மோதி, என் அக்கா பையனின் புதுச் சட்டையைக் கிழித்துவிட்டு நின்றது. சட்டைக்குள் அவன் இல்லை, கொடியில் தொங்கியது.

"இன்னா மாமா, நேத்து நல்லாத்தானே இருந்துச்சு?" என்றான்.

நடந்தது இதுதான். புது மாடல் போடும்போது சேனல் வரிசை மாறிவிட்டது. சேனல் என்றால் ஒவ்வொரு பாகத்துக்கும் கட்டளை போகும் தனி வழி. நான் வழக்கமாக வைப்பது எய்லரான் (பக்கவாட்டில் சாய்ப்பது), எலிவேட்டர், த்ராட்டில், ரடர் (மூக்கை இடம் வலம் திருப்புவது). அதில் மோட்டார் மூன்றாவது சேனல். ரேடியோவோ த்ராட்டில், எய்லரான், எலிவேட்டர், ரடர் என்று போட்டுவிட்டது. மூன்றாவது சேனலில் எலிவேட்டர் வந்து உட்கார்ந்துகொண்டது. மோட்டார் கன்ட்ரோலர் சும்மா இருந்ததற்குக் காரணம், அது பூஜ்ஜிய த்ராட்டிலைப் பார்த்தால்தான் விழிக்கும். நான் எலிவேட்டரை முழுசாக இழுத்ததும் அதற்குப் பூஜ்ஜியம் கிடைத்தது, விழித்துக்கொண்டது. விட்டதும் ஸ்டிக் நடுவுக்கு வந்தது. நடு என்றால் அதற்குப் பாதி வேகம். ப்ராப்பை, அதாவது மோட்டாரில் சுற்றும் விசிறியை, கழற்றாமல் சோதித்தது என் முட்டாள்தனம். மென்பொருளைக் குற்றம் சொல்லி என்ன பயன்?

இந்த வரிசையைச் சிஸ்டம் அமைப்பில் ஒரே இடத்தில் பார்க்கலாம், மாற்றவும் செய்யலாம். புது ஃபர்ம்வேர் ஏற்றியதும் முதலில் அங்கே போய்ப் பாருங்கள்.

எட்ஜ்டிஎக்ஸ் எங்கிருந்து வந்தது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டர்னிஜி 9எக்ஸ் என்று ஒரு மலிவு ரேடியோ இருந்தது. அதன் உள்ளே அட்மெகா64 சிப், 64 கிலோபைட் இடம். கம்பெனி கொடுத்த மென்பொருள் சுமார்தான். அதைத் தூக்கிப்போட்டு ஆர்வலர்கள் இர்9எக்ஸ் என்று சொந்தமாக எழுதினார்கள். அதன் வழியில் ஓப்பன்9எக்ஸ் வந்தது, அது ஓப்பன்டிஎக்ஸ் ஆனது. 2021-இல் அதிலிருந்து கிளை பிரிந்தது எட்ஜ்டிஎக்ஸ். மூலநிரல் திறந்தது, ஜிபிஎல் உரிமம். இன்றைக்கு ரேடியோமாஸ்டர், ஜம்பர் போன்ற ரேடியோக்களில் இதுதான் ஓடுகிறது. அந்த 9எக்ஸில் ஃபர்ம்வேர் மாற்ற போர்டில் ஆறு ஒயர் சால்டர் செய்து யுஎஸ்பி ப்ரோக்ராமரில் மாட்ட வேண்டும். நான் இந்த விளையாட்டுக்கு வந்ததே அந்த ஆறு ஒயரால்தான். ஒருவர் கடைக்குக் கொண்டுவந்து, "சார், மொபைல் போர்டு சால்டர் பண்றீங்களே, இதையும் பண்ணுவீங்களா?" என்றார். பண்ணினேன். கூலி வாங்கவில்லை, ஒரு தடவை ஓட்டக் கொடுங்கள் என்றேன். வம்பு அங்கே ஆரம்பித்தது.

இப்போது சால்டரிங் அயர்ன் தேவையில்லை. ஒரு யுஎஸ்பி கேபிள் போதும். ஆனால் அந்தக் கேபிளிலேயே பாதிப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். சார்ஜ் மட்டும் போகிற கேபிள் ஊரெல்லாம் இருக்கிறது. பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், உள்ளே டேட்டா ஒயர் இருக்காது. கம்ப்யூட்டர் ரேடியோவைக் கண்டுகொள்ளவில்லை என்றால் டிரைவரைத் தேடி அலையும் முன், ஒரு செல்போனிலிருந்து போட்டோ காப்பி செய்து கேபிளைச் சோதியுங்கள். இன்னொன்று, சில ரேடியோக்களில் இரண்டு ஓட்டை இருக்கும். என்னிடம் இருக்கும் டிஎக்ஸ்16எஸ்-இல் மேலே உள்ளது டேட்டாவுக்கு, கீழே உள்ளது சார்ஜுக்கு. கீழே மாட்டிவிட்டுக் கம்ப்யூட்டரை முறைத்துக்கொண்டு உட்கார்ந்தவர்களில் நானும் ஒருவன்.

சரி, வேலைக்கு வருவோம்.

ரேடியோ பேட்டரியை முழுசாக ஏற்றுங்கள். கம்ப்யூட்டர் லேப்டாப்பாக இருந்தால் நல்லது. எங்கள் தெருவில் மே மாசம் கரன்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. ஃபர்ம்வேரை ரேடியோவில் எழுதும்போது பாதியில் நின்றால் வீண் தலைவலி. ரேடியோவை வழக்கம்போல் ஆன் செய்து, சிஸ்டம் மெனுவின் வெர்ஷன் பக்கத்தைப் போன் கேமராவில் படம் எடுத்து வையுங்கள். அப்புறம் கேபிளை மாட்டினால் என்னவாக இணைய வேண்டும் என்று கேட்கும்: ஜாய்ஸ்டிக்கா, ஸ்டோரேஜா என்று. ஸ்டோரேஜைத் தேர்ந்தெடுங்கள். எஸ்டி கார்டு முழுவதையும், ஒரு கோப்பு விடாமல், கம்ப்யூட்டரில் தேதி போட்ட ஃபோல்டரில் காப்பி செய்யுங்கள். மாடல்ஸ், ரேடியோ என்ற இரண்டு ஃபோல்டர்களில்தான் உங்கள் உழைப்பெல்லாம் இருக்கிறது. எட்ஜ்டிஎக்ஸ் அவற்றை யாம்ல் என்ற சாதாரண எழுத்துக் கோப்பாக வைக்கிறது, நோட்பேடில் திறந்து படிக்கலாம். பழைய ஓப்பன்டிஎக்ஸில் அவை வேறு வடிவம். அதிலிருந்து வருகிறவர்கள் கம்பேனியன் என்ற கணினி மென்பொருளில் பழைய மாடல்களைத் திறந்து புது வடிவில் சேமித்துக்கொள்ளுங்கள். பழைய நகலையும் அழிக்காதீர்கள். பின்னால் திரும்ப நினைத்தால் அது ஒன்றுதான் வழி.

கார்டைப் பற்றி ஒரு வார்த்தை. ரேடியோவோடு வருகிற கார்டுகள் பல நேரம் மட்டமானவை. கடைக்கு வருகிற டேட்டா ரெக்கவரி வேலையில் பாதி இந்த மாதிரிக் கார்டுகளால்தான். 64 ஜிபி என்று எழுதியிருக்கும், உள்ளே 8 இருக்கும். நல்ல கம்பெனி கார்டு, 16 அல்லது 32 ஜிபி, ஃபேட்32-இல் ஃபார்மேட் செய்தது. அதற்கு மேல் தேவையே இல்லை.

அடுத்து ஃபர்ம்வேர். எட்ஜ்டிஎக்ஸ் பட்டி என்று உலாவியிலேயே ஓடுகிற ஒரு கருவி இருக்கிறது. குரோம் வகை உலாவியில் மட்டும் வேலை செய்யும். அதில் வெர்ஷனையும் உங்கள் ரேடியோ பெயரையும் தேர்ந்தெடுக்க வேண்டும். பெயரில் அவசரம் கூடாது. ஒரே கம்பெனியின் இரண்டு ரேடியோ பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், ஃபர்ம்வேர் வேறு.

எழுத இரண்டு வழி. முதல் வழியில் ரேடியோ ஆஃப் ஆக இருக்க வேண்டும். அப்படியே யுஎஸ்பி கேபிளை மாட்டினால் உள்ளே இருக்கும் எஸ்டிஎம்32 சிப் தன்னுடைய சொந்த ஏற்றுமுறைக்குப் போகும். டிஎஃப்யூ என்பார்கள். திரை கறுப்பாகவே இருக்கும், ஒரு சத்தம் வராது. செத்துவிட்டது என்று நினைக்காதீர்கள், அதுதான் சரியான நிலை. பட்டியில் எழுதச் சொன்னால் எழுதிவிடும். விண்டோஸில் கண்டுகொள்ளவில்லை என்றால் ஸேடிக் என்ற கருவியால் டிரைவர் மாற்ற வேண்டியிருக்கும்.

இரண்டாவது வழிதான் எனக்குப் பிடித்தது. ஃபர்ம்வேர் கோப்பை எஸ்டி கார்டில் ஃபர்ம்வேர் ஃபோல்டரில் போடுங்கள். ரேடியோவை ஆஃப் செய்து, ஸ்டிக்குகளுக்குப் பக்கத்தில் படுக்கைவாட்டில் இருக்கும் இரண்டு ட்ரிம் பொத்தான்களையும் நடுவை நோக்கி உள்பக்கமாகத் தள்ளிப் பிடித்தபடி பவரை அழுத்துங்கள். பூட்லோடர், அதாவது ஃபர்ம்வேருக்கு முன்னால் ஓடும் சின்ன நிரல், அதன் திரை வரும். அதில் எழுது என்று கொடுத்து, கோப்பைத் தேர்ந்தெடுத்து, என்டரை நீண்ட நேரம் அழுத்தினால் முடிந்தது. கேபிள், டிரைவர் எந்தத் தொல்லையும் இல்லை.

புதியவர்கள் எல்லோரும் ஒரு கேள்வி கேட்பார்கள்: நடுவில் கெட்டுப்போனால் ரேடியோ செங்கல் ஆகிவிடுமா? செல்போனில் எத்தனையோ செங்கல் பார்த்தவன் சொல்கிறேன், இதில் அவ்வளவு சுலபமாக ஆகாது. டிஎஃப்யூ சிப்புக்குள்ளேயே பதித்த ரோமில் இருக்கிறது. நீங்கள் எழுதுவது அதைத் தொடாது. என்ன குப்பையை எழுதியிருந்தாலும் ஆஃப் செய்து, கேபிளை மாட்டி, மறுபடி எழுதலாம்.

ஃபர்ம்வேர் ஏறியதும் வேலை முடியவில்லை. எஸ்டி கார்டில் இருக்கும் கோப்புகளும் அதே வெர்ஷனுக்கு உரியதாக இருக்க வேண்டும். திரைக்குத் தகுந்த தொகுப்பை எடுங்கள்: டிஎக்ஸ்16எஸ் போன்ற கலர் திரைக்கு 480க்கு 272, சின்னக் கறுப்பு வெள்ளைத் திரைக்கு 128க்கு 64. குரல் தொகுப்பு தனியாக வரும். இதை விட்டவர்கள்தான் "அப்டேட் பண்ணேன், வாய்ஸ் போச்சு, ஸ்கிரிப்ட் ஓடல" என்று புலம்புவார்கள். அந்தச் சனிக்கிழமை ராத்திரி நானும் இதை விட்டிருந்தேன்.

அப்புறம், ரேடியோவின் உள்ளே இருக்கும் ஆர்எஃப் மாட்யூலுக்கு, அதாவது சிக்னல் அனுப்பும் பகுதிக்கு, ஃபர்ம்வேர் தனி. எட்ஜ்டிஎக்ஸ் மாற்றியதால் அது மாறாது. எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ் என்ற வகை மாட்யூலாக இருந்தால் மாட்யூலின் முதல் வெர்ஷன் எண்ணும் விமானத்தில் இருக்கும் ரிசீவரின் முதல் எண்ணும் ஒத்துப்போக வேண்டும். 3-இல் தொடங்கும் மாட்யூல் 2-இல் தொடங்கும் ரிசீவரோடு பேசாது. பைண்ட் ஆகவில்லை, அதாவது ரேடியோவும் ரிசீவரும் ஜோடி சேரவில்லை என்று மணிக்கணக்கில் போராடுகிற பலருக்கு விஷயம் இதுதான். ரிசீவருக்கு மூன்று முறை வேகமாக மின்சாரம் கொடுத்து எடுத்தால் பைண்ட் நிலைக்குப் போகும், விளக்கு இரட்டை இரட்டையாகச் சிமிட்டும். இன்னொரு சின்ன விஷயம்: வழக்கமான முறையில் அதன் ஐந்தாவது சேனல் ஆன், ஆஃப் என்ற இரண்டு நிலை மட்டும்தான். இறக்கையில் கீழே இறங்கும் ஃப்ளாப்பை அதில் போட்டுவிட்டு நடு நிலை வரவில்லையே என்று அதை அசைக்கும் சின்ன மோட்டாரான சர்வோவை மாற்றாதீர்கள்.

ஸ்டிக் காலிபரேஷனை, அதாவது ஸ்டிக்கின் நடுவையும் எல்லைகளையும் ரேடியோவுக்குக் காட்டுவதை, மறுபடி செய்துவிடுங்கள், இரண்டு நிமிஷம். காசிமேடு, ராயபுரம் பக்கம் இருப்பவர்கள் ஸ்டிக் நடுங்குகிறதா என்று அடிக்கடி பார்ப்பது நல்லது. கடல் காற்று கனெக்டர் முனைகளில் பச்சை பூக்க வைத்துவிடும். போன் போர்டில் தினமும் பார்க்கிறேன். ஐபிஏ (ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்) தொட்ட பிரஷ் போதும்.

இனி மாடல் போடுவது. எட்ஜ்டிஎக்ஸ் பார்த்துப் பயப்படுகிறவர்கள் எல்லோரும் பயப்படுவது இன்புட், மிக்ஸ், அவுட்புட் என்ற மூன்று பக்கங்களைப் பார்த்துத்தான். இன்புட் உங்கள் விரல் சம்பந்தப்பட்டது: ஸ்டிக் எவ்வளவு மென்மையாக இருக்க வேண்டும், நடுவில் எவ்வளவு மந்தமாக. மிக்ஸ் விமானம் சம்பந்தப்பட்டது: எந்த விருப்பம் எந்தச் சேனலுக்குப் போக வேண்டும். அவுட்புட் சர்வோ சம்பந்தப்பட்டது: எந்தத் திசை, எவ்வளவு தூரம், நடு எங்கே. ஒன்றின் வேலையை இன்னொன்றில் செய்யாமல் இருந்தால் வாழ்க்கை நிம்மதி.

என் டெல்டா விமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஃபோம் போர்டில் வெட்டியது, பின்பக்கம் இரண்டே இரண்டு மடிப்பு. அதுவே எலிவேட்டர், அதுவே எய்லரான். முதல் சேனலுக்கு மிக்ஸில் இரண்டு வரி: எய்லரான் 50, எலிவேட்டர் 50. இரண்டாவது சேனலுக்கு எய்லரான் கழித்தல் 50, எலிவேட்டர் 50. அவ்வளவுதான். 100, 100 என்று போட்டால் இரண்டு ஸ்டிக்கையும் மூலைக்குத் தள்ளும்போது கூட்டுத் தொகை எல்லையைத் தாண்டும், சர்வோ பாதியிலேயே நின்றுவிடும். திசை தப்பாக இருந்தால் என்ன செய்வது? முதலில் எலிவேட்டர் ஸ்டிக்கை இழுங்கள். இரண்டு மடிப்பும் மேலே எழ வேண்டும். எழாததை அவுட்புட் பக்கத்தில் திருப்புங்கள். அது சரியான பிறகு எய்லரானை வலது பக்கம் தள்ளுங்கள். வலது மடிப்பு மேலே, இடது கீழே. தப்பென்றால் இப்போது அவுட்புட்டைத் தொடாதீர்கள், மிக்ஸில் எய்லரான் வரிகளின் கூட்டல் கழித்தலை மட்டும் மாற்றுங்கள். இந்த வரிசையில் போனால் மூன்று நிமிஷம். மாற்றிப் போனால் ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போகும்.

மோட்டாருக்கு ஒரு பூட்டு கட்டாயம். ஸ்பெஷல் ஃபங்ஷன் பக்கத்தில் ஒரு சுவிட்சைத் தேர்ந்தெடுத்து, ஓவர்ரைட் என்ற செயலில் மூன்றாவது சேனலுக்குக் கழித்தல் 100 கொடுங்கள். சுவிட்ச் அந்தப் பக்கம் இருக்கும்வரை த்ராட்டிலை என்ன செய்தாலும் மோட்டார் சுற்றாது. ஆன் செய்யும்போது வரும் த்ராட்டில் எச்சரிக்கையையும் சுவிட்ச் எச்சரிக்கையையும் தொல்லை என்று அணைக்காதீர்கள்.

பிறகு ப்ராப்பைக் கழற்றுங்கள். கழற்றி மேசை டிராயரில் போட்டுப் பூட்டுங்கள். விமானத்துக்கு பேட்டரி கொடுத்து, சேனல் மானிட்டரைப் பார்த்தபடி ஒவ்வொரு ஸ்டிக்கையும் ஒவ்வொரு சுவிட்சையும் அசையுங்கள். த்ராட்டிலைப் பாதி ஏற்றி வைத்து ரேடியோவை ஆஃப் செய்யுங்கள். மோட்டார் நின்றே ஆக வேண்டும். சுற்றிக்கொண்டே இருந்தால் ரிசீவரின் ஃபெயில்சேஃப், அதாவது சிக்னல் போனால் என்ன செய்வது என்ற அமைப்பு, தப்பு. அதைச் சரிசெய்யும்வரை வாசல்படி தாண்டக் கூடாது. இதையெல்லாம் ஒரு வார நாளில் செய்யுங்கள். ஞாயிறு பறக்கப் போகிறவன் சனி ராத்திரி அவசரப்படுவான். அவசரத்தில் இந்தப் பத்தியைத்தான் முதலில் விடுவான். சும்மா புது எண் வந்திருக்கிறது என்பதற்காக மாற்றவும் வேண்டாம். உங்களுக்குத் தேவையான ஒன்று அதில் இருந்தால், இல்லை உங்களைத் தொல்லை செய்த கோளாறு ஒன்று சரியாகியிருந்தால், மாற்றுங்கள்.

எங்கே பறப்பது? வடசென்னையில் துறைமுகம், எண்ணூர், மணலி என்று ஆலைகள் வரிசையாக இருக்கின்றன. பொழுதுபோக்கு மாடல்களையும் 2021 ட்ரோன் விதிகள் கணக்கில் எடுக்கின்றன. கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள்தான் ஓட்ட வேண்டும். அரசின் டிஜிட்டல் ஸ்கை வான்வெளி வரைபடத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு மண்டலம் பார்க்காமல் எதையும் தூக்கி எறியாதீர்கள். நாங்கள் வரைபடம் பார்த்து, நிலத்துக்காரரிடம் கேட்டுக்கொண்டு, செங்குன்றம் தாண்டி அறுத்த வயலுக்குப் போகிறோம். காலை ஆறரைக்கு. வெயில் ஏறிக் கடல் காற்று உள்ளே வந்துவிட்டால் ஃபோம் போர்டு விமானம் காகிதம்தான்.

கடைசியாக எனக்கு ரொம்பப் பிடித்த வேலை. சின்ன வயசில் மொட்டை மாடியில் காத்தாடி விட்டவன் நான். மாஞ்சா நூலில் டீல் போட்டு விரலெல்லாம் வெட்டு. பைக்கில் போகிறவர்கள் கழுத்தை அறுத்த நூல் அது. அதை விட்டது நல்லதுதான். ஆனால் நூல் விரலோடு பேசும். காற்று எங்கே குறைந்தது, காத்தாடி எங்கே தவிக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். ரேடியோ விமானத்தில் அந்த நூல் இல்லை. அதனால் ரேடியோவைப் பேச வைத்தேன், தமிழில்.

குரலை ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் பதிவு செய்து, மோனோ, 16 பிட், 32,000 ஹெர்ட்ஸ் வேவ் கோப்பாக எடுங்கள். பெயரை ஆங்கில எழுத்தில், ஆறு எழுத்துக்குள் வையுங்கள். பெயர் நீண்டால் சின்னத் திரை ரேடியோக்கள் கண்டுகொள்ளாது. சவுண்ட்ஸ் ஃபோல்டருக்குள் உங்கள் மொழி அமைப்புக்கான ஃபோல்டரில் போடுங்கள். ஆங்கிலமாக வைத்திருந்தால் ஆங்கில ஃபோல்டரிலேயே தமிழ்க் குரலைப் போடலாம், ரேடியோவுக்கு மொழி தெரியாது. பிறகு லாஜிக்கல் சுவிட்சில், அதாவது நிபந்தனை நிறைவேறினால் தானாக ஆன் ஆகும் சுவிட்சில், ஒரு நிபந்தனை. என்னுடையது ஆர்க்யூஎல்ஒய், அதாவது இணைப்பின் தரம், 70-க்குக் கீழே போனால். ஸ்பெஷல் ஃபங்ஷனில் அந்தச் சுவிட்சுக்கு ப்ளே ட்ராக் கொடுத்து உங்கள் கோப்பைத் தேர்ந்தெடுங்கள். எத்தனை விநாடிக்கு ஒரு முறை திரும்பச் சொல்ல வேண்டும் என்பதும் அங்கேயே இருக்கிறது. டைமருக்கும் இப்படியே.

குரல் என் அம்மாவுடையது. ஐந்து நிமிஷ டைமர் முடிந்தால் "டேய், போதும், எறக்கு" என்று வயல் நடுவில் சத்தம் வரும். முதல் தடவை என் அக்கா பையன் திரும்பிப் பார்த்து ஆயாவைத் தேடினான். அந்தச் சனிக்கிழமை ராத்திரி சவுண்ட்ஸ் ஃபோல்டரோடு அதையும் அழித்திருந்தேன். மறுபடி பேசச் சொல்லிப் போனை நீட்டியபோது அம்மா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். இரண்டாவது பதிவில் கோபம் நன்றாகவே தெரிகிறது. அதை டைமரிலிருந்து எடுத்து இணைப்பு எச்சரிக்கைக்குப் போட்டுவிட்டேன். கேட்டதும் கை தானாக விமானத்தைத் திருப்புகிறது.